மூட்டையில் கொண்டுபோன செம்மண்

என் காரின் பின்பக்கத்தில் ஒரு பழைய சிமெண்ட் சாக்கு நிறையச் செம்மண் எப்போதும் இருக்கும். எங்கள் முந்திரிக் கொல்லையில் நானே வெட்டி, கல் பொறுக்கி, சலித்துக் கட்டிவைத்த மண். கல்யாணத்துக்குப் போனாலும் அது கூட வரும், ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கூட வரும். சமயபுரத்துக்குப் போனபோது என் மனைவி, அதுக்கும் ஒரு மொட்டை போட்டுக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள் என்றாள். நானும் சிரித்தேன். அந்த மூட்டையைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன். எழுத உட்கார்ந்தாலே காது சூடாகிறது. ஆனால் வாய் கிழியப் பேசியவன் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எனக்கு ரெட்டிபாளையம் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் லேப் வேலை. கல்லையும் மண்ணையும் பொடித்து, அதில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதுதான் பிழைப்பு. அப்படிப்பட்டவன் ஞாயிற்றுக்கிழமை ஆனால், சிமெண்டைக் குறைத்து வீடு கட்டுங்கள் என்று ஊர் ஊராகப் பேசிக்கொண்டு திரிந்தேன். லேபில் கூட இருப்பவர்கள் விடுவார்களா? சாராயக் கடைக்காரன் மதுவிலக்குக் கூட்டம் போட்ட கதையாக இருக்கிறதே என்பார்கள். எனக்கு அது கிண்டலாகவே படவில்லை, உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. நான் குடியிருப்பது கான்கிரீட் வீடு, டைல்ஸ் போட்ட தரை, இரண்டு அறையில் ஏசி. மொட்டைமாடியில் சோலார் போட்டிருக்கிறேன் என்பதால் ஏசியைப் பற்றி யாராவது கேட்டால் பதில் தயாராக வைத்திருந்தேன்.

நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்த ஒரு குழு. மாதம் ஒரு ஊர் என்று கணக்கு. பள்ளிக்கூட மைதானம், கல்யாண மண்டபம், ஏலாக்குறிச்சியில் மாதா கோயிலுக்கு பஸ்ஸில் வந்து இறங்குகிற கூட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சாமியானா, எங்கே இடம் கிடைத்தாலும் போவோம். குழுவில் இருந்த எலெக்ட்ரீஷியன் சோலார் பேனல், பேட்டரி பற்றிச் சொல்வார். ஒரு வாத்தியார் சூரிய அடுப்பில் வேர்க்கடலை வேகவைத்துக் கொடுப்பார். கடலைக்காகவே கடைசிவரை உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. அந்தக் கடலை காலியானதும் மைக் என் கைக்கு வரும்.

சுடாத மண்கல்லில் வீடு கட்டுவதுதான் என் விஷயம். முதலில் ஒரு பாட்டிலில் மண்ணைப் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி மேஜைமேல் வைப்பேன். மணல் அடியில் இறங்கும், களி அதற்கு மேலே படியும். எது எவ்வளவு என்று கண்ணாலேயே பார்க்கலாம். அது தெளிவதற்குள் மண்ணில் துளி சிமெண்டைக் கலந்து, கைமிஷினில் கொட்டி, கைப்பிடியை ஒரு அழுத்து அழுத்தினால் விளிம்பு மழுங்காமல் ஒரு கல் வெளியே வந்து நிற்கும். அதைத் தூக்கிக் காட்டி, "உங்க வூட்டுக்கு வேண்டிய கல்லு உங்க காலடியிலதான் கெடக்குது" என்று முடிப்பேன். கைதட்டல் வரும். சொன்னது என்னவோ அவர்கள் காலடி மண்ணை. காட்டியது என் கொல்லை மண்ணை.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. போகிற ஊரில் கிடைக்கிற மண்ணைத்தான் போட்டேன். ஒருமுறை ஜெயங்கொண்டம் பக்கத்தில் உள்ளூர் மண்ணைப் போட்டு அழுத்தினேன். கல் மிஷினை விட்டு வெளியே வரும்போதே பொலபொலவென்று உதிர்ந்தது. முன்வரிசையில் இருந்த ஒருவர், சார் நல்லா புட்டு அவிக்கிறாரு என்றார். மண்டபமே சிரித்தது. யோசித்துப் பார்த்தால் அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: பாருங்கள், எல்லா மண்ணும் ஆகாது, அதனால்தான் பாட்டில். அதைச் சொல்லியிருந்தால் அதைவிட நல்ல பாடம் வேறில்லை. எனக்கோ சிரித்த சத்தம்தான் காதில் நின்றது. மறுவாரமே மூட்டை கட்டிவிட்டேன்.

பெரம்பலூரில் கூட்டம் நடந்தது சித்திரை மாதம், வெயில் மண்டையைப் பிளக்கிற நாள். நான் வீட்டுக்குள் காற்று எப்படி வந்து போக வேண்டும் என்று படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தேன். கேட்பவர்கள் முகத்தில் ஒன்றும் ஓடவில்லை. நடுவரிசையில் இருந்து ஓர் அம்மா எழுந்தார். என் வயதுதான் இருக்கும். குரும்பலூருக்கு அந்தப் பக்கம், சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் போடுகிற குடும்பம். வெங்காயத்தைச் சேமித்து வைக்கப் பட்டறை போடும்போது அடியிலும் பக்கவாட்டிலும் காற்றுக்கு வழி விடுவோமே, இல்லாவிட்டால் உள்ளேயே வெந்து அழுகிவிடுமே, அதைத்தானே சொல்கிறீர்கள் என்று கேட்டார். மண்டபம் முழுக்கத் தலையை ஆட்டியது. அரை மணி நேரமாக நான் தொண்டை கிழியச் சொன்னதை அந்த அம்மா ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். அடுத்த கூட்டத்திலிருந்து வெங்காயப் பட்டறை உதாரணம் என்னுடையது ஆகிவிட்டது. யார் சொன்னது என்று ஒரு மேடையிலும் சொல்லவில்லை.

கூட்டம் முடிந்ததும் அந்த அம்மா வந்து நின்றார். அவர் வீட்டுக்காரர் லாரியில் மூட்டை ஏற்றும்போது விழுந்து இடுப்பு போனவர், தடி வைத்துத்தான் நடக்கிறார். இருப்பது தகர ஷீட் போட்ட கொட்டகை. தகரத்துக்குக் கீழே பகலில் மனிதர் இருக்க முடியாது.

"எம்பொண்ணுக்கு நாள் தள்ளிப் போயிருக்கு சார்" என்றார். "ஐப்பசில வளைகாப்பு போட்டு அழச்சிக்கிட்டு வரணும். தலப்பிரசவம். அந்தத் தகரக் கொட்டாயிலயா போயி புள்ள பெத்துக்கப் போறன்னு அவ மாமியா வூட்ல கேக்குறாங்களாம். அதுக்குள்ள ஒரு வூடு எழுப்பிடணும்."

எழுப்பிடலாம்மா, நான் இருக்கேன் என்றேன். நான் இருக்கிறேனாம். அந்தச் சொல்லை இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

வைகாசியில் அவரிடமிருந்து போன் வந்தது. அன்றைக்கு வேறொரு கூட்டம் முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தேன். இலையில் சாம்பார் ஊற்றியாகிவிட்டது. பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ ஜோக் சொல்லிக்கொண்டிருந்தேன், அது பாதியில் நிற்கிறது.

"சார், நீங்க அன்னிக்குக் கொண்டாந்த மண்ணு செகப்பா இருந்துச்சு. எங்க கொல்லையில எல்லாம் கறுப்பு. அதுல கல்லு அறுக்கலாங்களா?"

"கலர்ல என்னம்மா இருக்கு" என்றேன். "மண்ணு மண்ணுதான். தைரியமா அறுங்க."

பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். நான் போனை வைத்துவிட்டு இன்னொரு வடை வாங்கிக்கொண்டேன்.

எனக்குத் தெரியாமல் சொன்னேன் என்றால் அது ஒரு மாதிரி. எனக்குத் தெரியும். கரிசல் மண் தண்ணீர் பட்டால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் அந்தப் பக்கத்து வயல்களில் கால் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடப்பதை பஸ் ஜன்னலில் இருந்தே பார்க்கலாம். அதில் கல் அறுக்க வேண்டுமானால் நிறைய மணல் கலக்க வேண்டும், சிமெண்டுக்குப் பதில் சுண்ணாம்பு போட்டுப் பதம் பார்க்க வேண்டும், சரிவராவிட்டால் வேறு மண் கொண்டுவர வேண்டும். மண்ணைப் பார்த்துச் சொல்வதற்குத்தான் ஆலையில் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். வாரம் ஆறு நாள் சோதித்துப் பார்க்காமல் ஒரு வார்த்தை எழுத மாட்டேன். ஏழாம் நாள் சாம்பார் ஆறிவிடுமே என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன்.

அவர்கள் அறுத்தார்கள். எங்கள் குழுவின் கைமிஷினையே வாங்கிப்போய், சொந்தக்காரர்கள் நாலு பேர் கூட நின்று, கறுப்புக் கல்லாக அறுத்து அடுக்கினார்கள். அஸ்திவாரத்தைக் கொத்தனார் ஒழுங்காக, அடியில் சுக்கான் பாறை தட்டும்வரை தோண்டித்தான் போட்டார். அவர்மேல் ஒரு குறையும் இல்லை. ஆவணிக் கடைசியில் புதுமனை புகுவிழாவுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். எனக்கென்று தனியாக நாற்காலி, தனியாக டம்ளரில் மோர். கொட்டகைக்குப் பக்கத்தில் வீடு கறுப்பாக, கம்பீரமாக நின்றது. ஜன்னல்களை அந்த அம்மா பட்டறைக் கணக்கில் எதிரெதிரே வைத்திருந்தார். உள்ளே நுழைந்ததும் உடம்பு குளிர்ந்தது.

மேற்குச் சுவரில் கையை வைத்தேன். விரலுக்குக் கீழே ஒரு கோடு. முடி அளவுக்கு மெல்லிசான விரிசல். கண்ணை ஓட்டினேன். அங்கே ஒன்று, ஜன்னல் மூலையில் ஒன்று, கல்லுக்குள்ளேயே குறுக்காகப் போகிற ஒன்று. அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துபோயிற்று.

வீட்டுக்காரர் தடியை ஊன்றிக்கொண்டு பின்னாலேயே வந்தார். இது என்னங்க சார் கோடு என்று கேட்டார். காயும்போது அப்படித்தான் இருக்கும், மேலே பூசினால் மறைந்துவிடும் என்றேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். மழைக்கு முன்னால் கூரையை மேற்கே இன்னும் நீட்டி இறக்கியிருக்கலாம், அந்தச் சுவரை மட்டும் பிரித்து வேறு மண்ணில் கட்டியிருக்கலாம். நாள் இருந்தது. ஆனால் வாழை மரம் கட்டியிருந்தது, பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தார்கள், சொந்தபந்தம் எல்லாம் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. வாசலில் அந்த அம்மாவையும் வீட்டுக்காரரையும் நிற்க வைத்து போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஊர் திரும்பும் வழியில் அந்தக் கோடு மனதில் குன்னம் வரைக்கும் கூட வந்தது. குன்னம் தாண்டியதும் ஆண்டுக் கூட்டத்துப் பேனரில் என்ன எழுதலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

புரட்டாசியில் சாயங்காலம் சாயங்காலம் மழை பிடித்தது. அந்த அம்மாவின் நம்பரிலிருந்து மூன்று நாள் அடுத்தடுத்துக் கூப்பிட்டார்கள். மூன்று நாளும் போன் அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில், மீட்டிங்கில் இருக்கிறேன், பிறகு பேசுகிறேன் என்று ஒரு மெசேஜ் அனுப்பினேன். எந்த மீட்டிங்கும் இல்லை. வீட்டில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன்.

ஐப்பசி முதல் ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூரில் பெரிய மண்டபத்தில் எங்கள் ஆண்டுக் கூட்டம். வாசலிலேயே ஆள் உயரத்துக்கு பேனர். அந்தக் கறுப்பு வீடு, வாசலில் அவர்கள் இரண்டு பேர், கீழே 'காலடி மண்ணில் ஒரு வீடு' என்று பெரிய எழுத்து. மேடையில் உட்கார்ந்து கூட்டத்தைப் பார்த்தால் மூன்றாவது வரிசையில் அந்த அம்மா. பக்கத்தில் வீட்டுக்காரர். அந்த அம்மாவின் மடியில் ஒரு மஞ்சப்பை, அதில் ஏதோ கனமாக. பைக்குள் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

எங்கள் ஆட்களுக்கு ஒன்றும் தெரியாது. வாத்தியார் மைக்கில் அந்த அம்மாவை மேடைக்கு அழைத்துவிட்டார். பொன்னாடை போர்த்தினார்கள். என்னைத்தான் போர்த்தச் சொன்னார்கள். போர்த்தும்போது துணி ஒரு பக்கம் நழுவி விழுந்தது. அந்த அம்மாவே அதைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டார். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். பையை இடது கையில் இடுப்போடு அணைத்துக்கொண்டு மைக் முன்னால் நின்றார்.

"எனக்குப் பேச வராதுங்க. சார் சொன்னாங்க, கட்டுனோம். வூடு நல்லா இருக்குதுங்க."

அவ்வளவுதான். இறங்கிப் போய்விட்டார். பலமான கைதட்டல். என் உயிர் திரும்பி வந்தது. திரும்பி வந்த உயிர் முதலில் என்ன நினைத்தது தெரியுமா? ஒருவேளை வீடு நிஜமாகவே நன்றாகத்தான் இருக்கிறதோ என்று நினைத்தது. மனுஷன் எவ்வளவு கேவலமானவன் என்பதை நான் வெளியே போய்த் தேட வேண்டியதில்லை.

சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே பச்சைத் துண்டு போட்ட விவசாயி ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மா வீட்டைப் போலவே தானும் கட்டப் போவதாகவும், மழை விட்டுத் தை பிறந்ததும் கல் அறுக்க ஆரம்பிப்பதாகவும் சொல்லித் தன் நம்பரைக் கொடுத்தார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மாவும் வீட்டுக்காரரும் வந்துவிட்டார்கள்; அவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அவர் பந்திக்குப் போய்விட்டார். எங்கள் குழுவில் மூன்று பேர் அங்கேயே நின்றார்கள். அந்த அம்மா என்னைச் சற்றுத் தள்ளி வரச் சொல்வதுபோல் பார்த்தார். வீட்டுக்காரருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. குரலை மட்டும் தணித்துக்கொண்டு ஆரம்பித்தார். பையை வாங்கி வாயைப் பிரித்துக் காட்டினார். உள்ளே கறுப்பாக ஒரு மண் உருண்டை. கல்லாக இருந்தது, ஊறிப்போய் விரல் பதிந்து கிடந்தது. மேற்குச் சுவர் மூலை பெயர்ந்து சரிந்துவிட்டது, நல்லவேளை உள்ளே யாரும் இல்லை என்றார்.

"மேடையில வச்சு சொல்லாதீங்க, அந்த மனுசன் மானம் போயிடும்னு இவதான் தடுத்துட்டா. அது இருக்கட்டும் சார். கறுப்பு மண்ணுல அறுக்கலாமான்னு உங்ககிட்ட போன்ல கேட்டுக்கிட்டுத்தான் செஞ்சேன்னு சொல்றா. நான் நம்பல. இவ கேட்டாளா?"

எங்கள் ஆட்கள் என்னைப் பார்த்தார்கள். அந்த அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தோளில் நான் போர்த்திய துணி அப்படியே இருந்தது.

"அப்படிக் கேட்டதா ஞாபகம் இல்லீங்களே" என்றேன்.

அந்த அம்மா நிமிர்ந்து என்னை ஒரு தடவை பார்த்தார். கோபம்கூட இல்லை. என்னை முதல்முறையாகப் பார்ப்பவர்போல் பார்த்தார். பிறகு பையை வாங்கிச் சுருட்டி மடக்கிக்கொண்டு, வாங்க, பஸ் போயிடும் என்று வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போனார். கால் மணி நேரத்துக்கு முன்னால் முந்நூறு பேருக்கு முன்னால் என் மானத்தைக் காப்பாற்றியவர். நாலு பேருக்கு முன்னால் அவரைப் பொய்க்காரி ஆக்கி அனுப்பினேன். நான் முகம் கழுவிக்கொண்டு வந்து சாப்பிட்டேன். அதையும் எழுதத்தான் வேண்டும், சாப்பிட்டேன்.

என்ன ஆயிற்று என்பதைப் பிறகு எலெக்ட்ரீஷியன் மூலம் தெரிந்துகொண்டேன். அவர் அந்த ஊருக்கு ஒரு சோலார் விளக்கு பழுது பார்க்கப் போயிருந்தார். பெண்ணுக்கு வளைகாப்பு மாமியார் வீட்டிலேயே நடந்துவிட்டதாம். இடிந்த சுவரைப் பார்த்தவர்கள் வாயும் வயிறுமாக இருப்பவளை அனுப்புவார்களா? பிரசவமும் அங்கேதான் என்று சொல்லிவிட்டார்கள். யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் தன் இஷ்டத்துக்குக் கறுப்பு மண்ணில் கட்டிவிட்டாள் என்று வீட்டுக்காரரும் ஏசுகிறார், சம்பந்தி வீட்டிலும் பேசுகிறார்கள். முதலில் அந்த அம்மா, 'நான் கேட்டேன், கேட்டேன்' என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். இப்போது அதைச் சொல்வதையும் விட்டுவிட்டாராம்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏதாவது செய்ய வேண்டும் என்று தவித்தேன். செய்தது என்ன? கார்த்திகையில் அரியலூரில் நடந்த கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, கரிசல் மண்ணுக்கு இந்த முறை சரிவராது என்பதை நான் அழுத்திச் சொல்லத் தவறிவிட்டேன், அதனால் ஒரு வீட்டுச் சுவர் சரிந்துவிட்டது, அதற்கு நான்தான் பொறுப்பு என்று உருகிப் பேசினேன். போன் வந்ததைச் சொல்லவில்லை. ஞாபகம் இல்லை என்று சொன்னதைச் சொல்லவில்லை. எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். மனசாட்சி உள்ள மனுஷன் சார் நீங்க என்று ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது. செம்மண் வைத்து அறுத்துக் காட்டியபோது வந்ததைவிடப் பலமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்தம்மா உங்ககிட்ட கேட்டாங்களா, இல்லியா?"

"கேட்டாங்க" என்றேன். அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"அப்ப அரியலூர்ல யாருகிட்ட போயி சொல்லிட்டு வந்திருக்கீங்க" என்றாள். மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகும் மார்கழி முழுக்க ஓட்டினேன். மழை என்றேன், ஆலையில் ஷிப்ட் மாறியிருக்கிறது என்றேன். பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூட்டையை இறக்கி வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

அந்த அம்மா களத்தில் உட்கார்ந்து பிடுங்கிப்போட்ட வெங்காயத்துக்குத் தாள் அரிந்துகொண்டிருந்தார். வீட்டுக்காரர் கட்டிலில் இருந்தார். மூன்று பக்கம் கறுப்புச் சுவர் நின்றது, பல இடத்தில் பாளம் பாளமாக வெடித்திருந்தது. மேற்குப் பக்கம் சுவர் இல்லை. பழைய கொட்டகையின் தகர ஷீட்டைக் கழற்றிவந்து அங்கே நிறுத்திக் கட்டியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் வாங்க சார் என்றார் அந்த அம்மா. பேத்தி பிறந்திருக்கிறாள், சம்பந்தி வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பிவிட்டோம் என்றார். அவர் அரிவதை நிறுத்தவில்லை.

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு பேச்சு பேசிவிடுவேன் என்று என்னை எனக்குத் தெரியும்.

"அன்னிக்கு மண்டபத்துல நான் சொன்னது பொய்ங்க" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அவங்க போன் பண்ணிக் கேட்டாங்க. செகப்பு மண்ணு வேற, எங்க மண்ணு கறுப்புன்னு தெளிவாத்தான் கேட்டாங்க. கலர்ல என்ன இருக்கு, அறுங்கன்னு நான்தான் சொன்னேன். எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்துச்சு."

அவர் கட்டிலில் இருந்து தடியை எடுத்தார். என்மேல் வீசினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவர் அதைத் தரையில் ஊன்றி, அதன் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இவள பேசாத பேச்சு இல்ல சார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மனைவி பக்கம் அவரால் திரும்ப முடியவில்லை.

அந்த அம்மா ஒரு கைப்பிடி வெங்காயத்தை அரிந்து முடித்துக் குவியலில் போட்டார். அரியலூர் மேடையில் ஏதோ சொன்னீர்களாமே என்று கேட்டார். எலெக்ட்ரீஷியன் சொல்லியிருப்பார். ஆமாம்மா என்றேன்.

"அங்க செகப்பு மண்ணு சார். அங்க சொல்லி யாருக்கு என்ன ஆவப் போவுது?" என்றார். குரல் உயரவில்லை. "அன்னிக்கு மேடையில வூடு நல்லா இருக்குதுன்னு நான் சொன்னேன். அத கேட்டுட்டு பச்சத் துண்டு போட்டவரு நானும் அறுக்கப் போறேன்னாரு. எங்க பக்கத்து மனுசன். அத நெனச்சாதான் சார் எனக்கு நெஞ்சு அடிச்சிக்குது."

எனக்கு அப்போதுதான் அவரே ஞாபகம் வந்தது. மூன்று மாதமாக என் மானம், என் வெட்கம், என் மனசாட்சி என்று என்னையே சுற்றிக்கொண்டிருந்தேன். அவர் நம்பர் என் போனிலேயே இருந்தது. அங்கேயே, களத்தில் நின்றபடி கூப்பிட்டேன். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தார். என்னை அடையாளம் தெரிந்ததும் சந்தோஷமாக, சார், நேத்துதான் அறுக்க ஆரம்பிச்சோம் என்றார்.

எத்தனையோ ஊரில் எத்தனையோ பேரிடம் பேசியிருக்கிறேன். ஒருவரிடமும் கேட்காததை அவரிடம் கேட்டேன்.

"உங்களுது என்ன மண்ணுங்க?"

"கறுப்புதான் சார்."

அறுப்பதை நிறுத்தச் சொன்னேன். ஏன் என்றார். கரிசல் ஊதும், சுருங்கும், அந்த அம்மா வீட்டுச் சுவரே சரிந்துவிட்டது என்றேன்.

"அந்தம்மா மேடையிலயே சொன்னாங்களே சார், நல்லா இருக்குதுன்னு?"

"எம் மானம் போயிடக் கூடாதுன்னு சொன்னாங்க."

"அப்ப நீங்க சொன்னது?"

"உங்க மண்ணப் பாக்காமயே சொன்னேன். அவங்க மண்ணயும் பாக்காமத்தான் சொன்னேன்."

பிறகு அவர், அந்தம்மா பக்கத்துல இருக்காங்களா என்று கேட்டார். இருக்கிறார்கள் என்றேன்.

"போன அவங்ககிட்ட குடுங்க சார். நான் அவங்களயே கேட்டுக்கறேன்."

கொடுத்தேன். அந்த அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கிக் காதில் வைத்தார். அவர் என்ன கேட்டாரோ தெரியாது. "மொதல்ல ஒரு பாட்டில்ல உங்க மண்ணப் போட்டுத் தண்ணி ஊத்தி வையிங்க" என்று நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தார். நான் குவியலுக்குப் பக்கத்தில் நின்று, அவர் சொல்வதை முழுக்கக் கேட்டேன்.